கைக்குழந்தையோடு புதிய ஊரில்: அருகிலேயே ஒரு தாய்மார் குழுவைக் கண்டடைவது எப்படி?

தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் தாய்வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாம் மாதத்தில் குழந்தையோடு கோயம்புத்தூர் சரவணம்பட்டிக்குத் திரும்பியிருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருகிறார், மாமியார் மாதத்தில் சில நாள்கள் மட்டுமே வந்து தங்குகிறார், அடுக்குமாடி வீட்டில் பகல் முழுவதும் தானும் குழந்தையும் மட்டுமே; தன்னைப் போன்ற தாய்மார்கள் பக்கத்தில் எங்கேனும் கூடுகிறார்களா, அவர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? தாய்ப்பால் ஆலோசனைப் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வருபவள் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு இயங்கும் குழுவைத் தேடி அலைய வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் அப்படிப்பட்ட குழுக்கள் மிகக் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் நகரத்தின் வேறொரு மூலையில், இரண்டு பேருந்து மாறிப் போகும் தொலைவில் இருக்கும். கைக்குழந்தைக்காரிக்கு அந்தத் தொலைவு பயன்படாது. உங்களுக்குத் தேவைப்படுவது, உங்கள் குழந்தையின் வயதையொத்த குழந்தை உள்ள, நடந்து போய்ப் பார்க்கக்கூடிய நான்கைந்து தாய்மார்கள். அவர்கள் ஏற்கெனவே உங்களைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால். அவர்கள் தவறாமல் வெளியே வரும் இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் வேலை எளிதாகிவிடும்.

உங்கள் தனிமை பிரசவமான உடனே வராமல் இப்போது வந்திருப்பதில் வியப்பில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம், முதல் சில மாதங்களுக்கு ஒரு பெண்ணைச் சுற்றி ஆள்களை நிறுத்திவைக்கிறது. குளிப்பாட்ட ஒருவர், பத்தியச் சமையலுக்கு ஒருவர், நள்ளிரவில் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள ஒருவர் என்று யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கொண்டுவந்து விடும்போது, அத்தனை கைகளும் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று ஆள் நிறைந்த வீடாக இருந்த காலத்தில் இந்த மாற்றம் இவ்வளவு கடினமாக இருந்திருக்காது. இன்று இரண்டு படுக்கையறை வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு அது திடீரென்று வருகிறது. தாய்வீட்டு ஊரில் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், கைபேசியில் அவர்களோடு எவ்வளவு பேசினாலும், பகல் பதினொரு மணிக்கு அவர்களால் உங்கள் கதவைத் தட்ட முடியாது. ஆகவே தேடல் நீங்கள் இப்போது வாழும் தெருவிலிருந்தே தொடங்க வேண்டும்.

நான் முதலில் சொல்லும் இடம் தடுப்பூசி முகாம். தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். தேசிய அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14 ஆகிய வாரங்களில் தொடர் தவணைகள் உண்டு. அப்படியானால், உங்கள் குழந்தை பிறந்த அதே வாரத்தில் அந்தப் பகுதியில் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே புதன்கிழமையில் ஒரே வராந்தாவுக்கு வந்து சேர்கிறார்கள். வயது பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தாலும் இவ்வளவு பொருத்தமான கூட்டம் அமையாது. ஊசி போட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். ஏதேனும் ஒவ்வாமை தெரிகிறதா என்று பார்ப்பதற்காக அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். தொடையில் ஊசி வாங்கி அலறிய குழந்தைகள் ஒவ்வொன்றாக மார்பில் அடங்குகின்றன. தாய்மார்கள் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். “போன தடவை உங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சுதா? ஊசி போட்ட இடம் கட்டியாச்சா? ராத்திரி தூங்குச்சா?” என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், அந்த வரிசை முழுவதும் பேசத் தொடங்கிவிடுகிறது. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

உங்கள் குழந்தைக்கு 14-ஆவது வாரத் தவணை இன்னும் முடியவில்லை என்றால் அந்தப் புதன்கிழமையைத் தவறவிடாதீர்கள். அதற்கடுத்த முக்கியமான தவணை 9 மாதம் முடிந்த பிறகுதான். இடையில் ஐந்து மாதத்துக்கும் மேலான இடைவெளி விழுவதால், அன்று பேசிப் பழகிவிட்டுத் தொலைபேசி எண் வாங்காமல் வந்துவிட்டால் அந்தத் தாய்மார்களை அடுத்து எப்போது பார்ப்பீர்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று எண்களை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரையும் வயதையும் சேர்த்தே பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் தாயின் பெயர் மறந்துபோகும், குழந்தையின் பெயர் நினைவில் நிற்கும். தனியார் மருத்துவரிடம் ஊசி போட்டு வருபவராக இருந்தாலும், தாய் சேய் நல அட்டையோடு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று அட்டவணையில் உள்ள ஊசிகளை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அது முடியாதென்றால், தனியார் மருத்துவமனையின் காத்திருப்பு அறையையாவது இதற்குப் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கே டோக்கன் எண் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவதால் பேச்சு அவ்வளவாக ஒட்டுவதில்லை.

அதே நிலையத்தில் நீங்கள் பேச வேண்டிய இன்னொருவர் நகர்ப்புற சுகாதார செவிலியர். ஊரகப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணிலிருந்து குழந்தையின் தடுப்பூசி வரை அவர் கையில்தான் கணக்கு இருப்பதால், எந்தத் தெருவில் யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது என்பது அவருக்குத் தெரியும். அடுத்தவரின் விவரத்தை அவர் உங்களுக்குத் தரக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. மாறாக உங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து, “இந்தப் பக்கம் என்னைப் போலத் தனியாக இருக்கும் தாய்மார் யாராவது இருந்தால், அவர்களுக்கு விருப்பமென்றால் என்னை அழைக்கச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வேலைப்பளு மிகுந்தவர்கள் அவர்கள். ஆனாலும் இந்த ஒரு வேண்டுகோளை மறுத்த செவிலியரை நான் பார்த்ததில்லை. தாய்வீட்டு ஊரில் பதிவாகியிருக்கும் உங்கள் குழந்தையை இந்தப் பகுதியின் பதிவில் சேர்க்கச் சொல்லவும் அதே பேச்சு உதவும்.

அடுத்தது அங்கன்வாடி. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து வளர்ந்து, இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. படித்த, வேலை பார்க்கும் பெண்கள் பலர் அது தங்களுக்கான இடமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடும்படி வற்புறுத்தியே சொல்வேன். பாலூட்டும் தாய்மாருக்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை அங்கே சத்து மாவு கொடுக்கிறார்கள், குழந்தையின் எடை பார்க்கிறார்கள், தாய்மாருக்கான கூட்டங்களும் நடக்கின்றன. உங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் வாடகை வீட்டில் இருக்கும் கட்டடத் தொழிலாளியின் மனைவிக்கும் உங்களுக்கும் வேறு எதில் ஒற்றுமை இருக்கிறதோ இல்லையோ, இரவு இரண்டு மணிக்குக் குழந்தை ஏன் வீரிடுகிறது என்ற கவலை இருவருக்கும் ஒன்றுதான். அவருக்கு அது மூன்றாவது குழந்தையாக இருந்தால், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல துணை அவராகவே இருக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது பற்றிய செய்திகளுக்கு நடுவே ஒரு சிறு செய்தி போடுங்கள். பொதுவாக ‘தாய்மார்கள் சேரலாமா’ என்று கேட்டால் யாரும் பதில் எழுத மாட்டார்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் நீங்களே முடிவு செய்து, இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம். ‘பி’ பிளாக்கில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன், எனக்கு மூன்று மாதக் குழந்தை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள அம்மாக்கள் வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்குக் கீழே பூங்கா நிழலில் சற்று நேரம் உட்கார்ந்து பேசலாம் என்று நினைக்கிறேன். நான் எப்படியும் அங்கே இருப்பேன். முடிந்தவர்கள் வாருங்கள்.” கடைசிக்கு முந்தைய அந்த வாக்கியம் முக்கியமானது. வருவேன் என்று வாக்குக் கொடுக்க எந்தக் கைக்குழந்தைத் தாயாலும் முடியாது. யாரோ ஒருவர் அங்கே இருப்பார் என்று தெரிந்தால், முடிகிற அன்று இறங்கி வந்துவிடுவார்.

பிரசவம் பார்த்த மருத்துவமனையையும் கேட்கலாம், ஆனால் உங்கள் பிரசவம் திருநெல்வேலியில் நடந்ததால் அது இப்போது அவ்வளவாக உதவாது. கோவையிலேயே பிரசவித்தவர்கள், கர்ப்பகால வகுப்பில் உடனிருந்தவர்களின் வாட்ஸ்அப் குழு இருந்தால் அதைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வகுத்த பத்துப் படிகளில் பத்தாவது, தாய்ப்பாலூட்டும் தாய்மாருக்கான ஆதரவுக் குழுக்கள் உருவாக ஊக்கம் தந்து, வீடு திரும்பும் தாய்மாரை அவற்றுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான். பெரும்பாலான மருத்துவமனைகள் மற்ற படிகளைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் அளவுக்குக்கூட இந்தக் கடைசிப் படியைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். நீங்கள் கேட்டால்தான் அவர்களுக்கும் நினைவு வரும். ஆகவே குழந்தைநல மருத்துவரிடமும் தாய்ப்பால் ஆலோசகரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரத்தையொட்டி அரசு மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் நடக்கும் கூட்டங்கள், பெரிய அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கியில் பணிபுரியும் ஆலோசகர்கள் ஆகியோர் மூலமாகவும் தொடர்புகள் கிடைக்கும்.

இரண்டே பேர்தான் கிடைத்தார்கள் என்று சோர்ந்துவிட வேண்டாம். இன்று உலகம் முழுவதும் கிளை பரப்பியிருக்கும் லா லேச்சே லீக் என்ற தாய்மார் அமைப்பு, 1956-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஏழு பெண்கள் ஒரு வீட்டின் வரவேற்பறையில் கூடியதிலிருந்து தொடங்கியது. அதற்கும் முன்பு, ஒரு தேவாலயச் சுற்றுலாவில் இரண்டு தாய்மார்கள் தாய்ப்பாலூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து மற்றப் பெண்கள் வந்து விசாரித்ததுதான் அதற்கு வித்து. நம் நாட்டிலேயே இன்னும் வலுவான சான்று உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற தொண்டு நிறுவனம், உள்ளூர்ப் பெண் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக அமர்த்தி, கிராமத்துப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டிப் பேசவைத்தது. படங்களும் கதைகளும் வைத்துத் தங்கள் சிக்கல்களைத் தாங்களே எடுத்துப் பேசித் தீர்வு தேடினார்கள், அவ்வளவுதான். 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அதன் முடிவுகளின்படி, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு மற்றப் பகுதிகளைவிட 32 விழுக்காடு குறைவாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்திருந்தது. பெண்கள் கூடிப் பேசுவதை வெட்டிப் பேச்சு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கூடத் தொடங்கிய பிறகு அந்தக் குழு நிலைக்க வேண்டும். நான் பார்த்தவரை இத்தகைய குழுக்கள் சண்டையால் கலைவதில்லை, உபசரிப்பால் கலைகின்றன. முதல் வாரம் ஒருவர் வீட்டில் காபியும் பிஸ்கட்டும், அடுத்த வாரம் இன்னொருவர் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும், மூன்றாம் வாரத்துக்குரியவர் வீடு துடைத்துப் பலகாரம் செய்யத் தெம்பில்லாமல் ‘குழந்தைக்குச் சளி’ என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். ஆகவே தண்ணீர் தவிர எதுவும் தர வேண்டாம், வீடு கலைந்து கிடந்தால் கிடக்கட்டும் என்று முதல் நாளே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், எப்போதும் அதே நாள் அதே நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். வரமுடியாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை. குழந்தைக்கோ வீட்டில் யாருக்கோ காய்ச்சல், இருமல் இருந்தால் அன்று வரக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும், ஏனென்றால் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலும் சாதாரணமானதல்ல. அங்கே பேசப்படும் வீட்டு விஷயங்கள் அங்கேயே நிற்க வேண்டும். ஒரே குடியிருப்பில் இருக்கும்போது இது மிகவும் முக்கியம். மாமியாரைப் பற்றி ஆற்றாமையோடு சொன்ன ஒரு சொல் இரண்டே நாளில் அவர் காதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தப் பெண் பிறகு எங்கேயும் வாய் திறக்க மாட்டார்.

குழந்தைகளின் எடையை ஒப்பிடும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். “என் பையன் ஆறரை கிலோ, உங்க பொண்ணு ஏன் இளைச்சிருக்கா?” என்ற ஒரு கேள்வி, நன்றாகப் பாலூட்டிக்கொண்டிருந்த தாயைப் பால்பவுடர் டப்பா வாங்க வைத்துவிடும். பிறந்த எடை, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறும் போக்கு ஆகியவற்றை வைத்து மருத்துவரோ செவிலியரோ சொல்ல வேண்டிய விஷயம் அது. மருந்தும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்டது உங்கள் குழந்தைக்கும் கேட்கும் என்று சொட்டு மருந்துப் பெயர்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதால் உரைமருந்து, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் தேவையில்லை; வசம்பை உரைத்து உள்ளுக்குக் கொடுப்பதையும் விட்டுவிடலாம்.

சில குழுக்கள் தாய்மாருக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு வணிகம் செய்கின்றன. பரிசுப் பெட்டி, இலவச வகுப்பு, கூடவே பால்பவுடர் மாதிரி என்று வந்தால் விலகிவிடுங்கள். 1992-இல் இயற்றி 2003-இல் திருத்தப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்பவுடர், பால்புட்டி, இணை உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு மாதிரியோ பரிசோ கொடுப்பதையும் தடை செய்திருக்கிறது. பால்பவுடர் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் தாயைக் குழுவில் யாரும் தாழ்வாகப் பேசக் கூடாது என்பதையும் இதே அழுத்தத்தோடு சொல்கிறேன். அவருக்கும் அதே துணை வேண்டும், சில வேளைகளில் கூடுதலாகவே வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் தயங்கலாம். ‘நாங்களெல்லாம் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா, இதற்கென்று ஒரு கூட்டம் எதற்கு’ என்பார்கள். வெளியே கொண்டுபோனால் கண்பட்டுவிடும் என்றும் அஞ்சுவார்கள். வாதம் செய்வதைவிட, மாமியார் வந்து தங்கும் வாரத்தில் அவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். குழந்தைக்குத் தொக்கம் எடுப்பது, தலைக்கு ஊற்றுவது என்று அவர் சொல்லும் எல்லாவற்றையும் ஏற்க முடியாதுதான். ஆனால் அழும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதிலும், தூளி கட்டுவதிலும், களைத்த தாயைப் பார்த்ததும் ‘நீ போய்க் கொஞ்சம் படும்மா, நான் பார்த்துக்கறேன்’ என்று கை நீட்டுவதிலும் அவருக்கு ஈடு யாருமில்லை. மற்ற இளம் தாய்மார்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு யோசனை கேட்பதைப் பார்த்தால், அடுத்த வாரம் கிளம்பச் சொல்லி அவரே உங்களுக்கு நினைவூட்டுவார்.

இனிச் சொல்வதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பிரசவமான சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. அது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மனம் தேறாமல், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், நான் நல்ல தாயில்லை என்ற எண்ணம் நாள் முழுவதும் அரித்துக்கொண்டிருந்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். தாய்மார் குழு அதற்குத் துணை நிற்கும். ஆனால் அதுவே சிகிச்சையாகாது. 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இதைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுகிறது. அதன் தமிழ் வடிவமும் 2005-இல் வெளியான ஆய்வில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கடந்த ஏழு நாள்களில் எப்படி இருந்தீர்கள் என்றுதான் அது கேட்கும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘எப்போதாவது’ என்று பதில் வந்தாலும் மற்ற மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஒரு தாய் திடீரென்று தொடர்பில்லாமல் பேசினாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தையைப் பற்றி அச்சமூட்டும் விதமாகப் பேசினாலோ அவரையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், அது அவசரநிலை. பேய் பிடித்தது, காற்றுச் சேட்டை என்று நாள் கடத்துவதால் உயிர்கள் போயிருக்கின்றன. உங்கள் குழுவில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை, அழைத்தாலும் எடுக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் வேலைக்குத் திரும்பும் எண்ணத்தில் இருந்தால் அதற்கும் இந்தக் குழு உதவும். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டத்தின் விதிகளை இப்போது தன்னுள் கொண்டிருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு தருவதோடு, 50 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சரவணம்பட்டியைச் சுற்றியுள்ள ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்கள் உங்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்கள். எந்த நிறுவனத்தில் காப்பகம் உண்மையிலேயே நடக்கிறது, எங்கே காகிதத்தில் மட்டும் இருக்கிறது, பால் பீய்ச்சி எடுக்கத் தனி அறை எங்கே உண்டு, பகலில் குழந்தையை நம்பி விடக்கூடியவர் யார் என்பதெல்லாம் அவர்களிடமிருந்துதான் சரியாகத் தெரியவரும். விடுப்பு முடிந்து ஒவ்வொருவராக வேலைக்குப் போகத் தொடங்கியதும் வியாழன் காலைக் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; அந்நேரத்தில் கணவன்மாரும் வீட்டில் இருப்பதால் குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டும் வரலாம், அவர்களையே குழந்தையோடு இறங்கி வரச் சொல்லலாம்.